பாயம்மா பெருக்கவில்லை

பர்தா துணியில் நான் திருடியிருக்கிறேன். ஏதோ கஷ்டகாலத்தில் கை நீண்டுவிட்டது என்று சொன்னால் கேட்பவர்களுக்கு இரக்கம் வரும். அப்படி ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில், சாவகாசமாக, சாக்பீஸால் கோடு போட்டு, கணக்குப் பார்த்து எடுத்தேன்.

திருவண்ணாமலையில் சின்னக்கடை வீதிப் பக்கம் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருப்பவள் நான். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசாங்கம் கொடுக்கும் இலவசத் தையல் மிஷினில் வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தேன். கடை பிடித்தது பிற்பாடு. ரவிக்கை, சுடிதார், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று எல்லாம் வரும். பௌர்ணமியன்று ஊரே கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும், அன்றைக்கு டெலிவரி சொல்ல மாட்டேன். தீபத்துக்கு முந்தைய வாரம் தூக்கம் கிடையாது. ரம்ஜானும் அப்படித்தான். ஷபே பராத் முடிந்த கையோடு துணி வர ஆரம்பித்து, பிறை தெரிகிற ராத்திரி விடிய விடிய மிஷின் ஓடும்.

முஸ்லிம் வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்ததற்கு என் கைத்திறமை காரணம் இல்லை. நான் பெண், அவ்வளவுதான். ஆண் டெய்லர் என்றால் அளவுத் துணியைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்ப வேண்டும். என் கடையில் திரைக்குப் பின்னால் வந்து நின்று, டேப் வைத்து அளவு கொடுக்கலாம். அந்த நம்பிக்கையில்தான் வந்தார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் நின்று அளவெடுத்தவள்தான் துணியையும் எடுத்தாள்.

தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழி சொன்ன ஊர், டெய்லருக்கு ஏன் ஒன்று சொல்லாமல் விட்டது என்று நினைத்துக்கொள்வேன். ரவிக்கையில் எடுக்க என்ன இருக்கிறது? 80 சென்டிமீட்டர் துணியைக் கொண்டுவந்து, "இதுலயே பைப்பிங், நாடா, கைக்கு உள்மடிப்பு எல்லாம் வெச்சிடுக்கா" என்பார்கள். மிஞ்சுவது கைக்குட்டைக்குக்கூடக் காணாது. பர்தா அப்படியில்லை. மூன்றரை மீட்டர் துணி, அகலமும் 58 இன்ச். விரித்துப் போட்டால் கட்டிங் டேபிளையே காணோம்.

எப்படி எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பாதி ஒப்புதல்தான்.

54 இன்ச் உயரப் பர்தா என்று வையுங்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் 52, 54 தான். தோள் தையலுக்கும் கீழ்மடிப்புக்கும் சேர்த்து 56 இன்ச் வேண்டும். முன்பாகத்துக்கு ஓர் உயரம், பின்பாகத்துக்கு ஓர் உயரம், ஆக மொத்தம் 2 மீட்டர் 84 சென்டிமீட்டர். இப்படி வெட்டினால் கீழே ஒவ்வொரு பாகமும் 50 இன்ச் விரியும், அடிச்சுற்று 100. மேலே ஓரத்தில் ஒதுங்கும் துணியிலேயே இரண்டு கையும் வந்துவிடும். மீதி அரை மீட்டர் சொச்சத்தில் கழுத்துப்பட்டி, முன்பட்டி, உள்பாக்கெட். ஒழுங்கான வெட்டு இதுதான்.

நான் வெட்டியது வேறு. ஒரே உயரத் துணியில் முன்பாகத்தை நேராகவும் பின்பாகத்தைத் தலைகீழாகவும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தேன். முன்பாகத்தின் மேல்பக்கம் 22 இன்ச், அதை ஒட்டிப் பின்பாகத்தின் அடிப்பக்கம் 34. கூட்டினால் 56, துணி அகலம் 58. கச்சிதம்! பர்தாவுக்கு வரும் நிதா துணியில் பூ கிடையாது, கரை கிடையாது, வெல்வெட் மாதிரி தடவினால் திரும்புகிற ரோமமும் கிடையாது. தலைகீழாக வெட்டினால் ஒருவருக்கும் தெரியாது. கைக்குத் தனியாக 24 இன்ச். இரண்டு மீட்டர் சொச்சத்தில் ஒரு பர்தா முடிந்துவிடும். பட்டிக்குப் போக மிஞ்சிய துணியில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, கை உட்பட முழுசாக ஒரு பர்தா வரும். அதைத் தைத்து வாசலில் ஹேங்கரில் மாட்டி, ரெடிமேட் என்று விற்றேன். பெரிய பர்தா தைக்கக் கொடுத்த அம்மாவே மகளுக்கென்று அதை விலை பேசி வாங்கிப் போனதும் உண்டு. பேரம் பேசியபோது நானும் விட்டுக்கொடுக்காமல்தான் பேசினேன்.

ரவிக்கை அரை இன்ச் பிடித்தால் மறுநாள் காலையில் கடை வாசலில் சண்டை. பர்தாவுக்காக யாரும் வந்து நின்றதில்லை. தொளதொளவென்று இருக்க வேண்டிய உடுப்பில் தொளதொளப்பு எவ்வளவு குறைந்தது என்று யார் டேப் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? கறுப்பில் தையல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. 100 இன்ச் விரிய வேண்டிய அடிச்சுற்று 68 இன்ச்தான் இருக்கிறது என்று சொல்ல இன்னொரு டெய்லர்தான் வேண்டும். எந்த டெய்லர் சொல்லப் போகிறார்?

வறுமையால் எடுத்தேன் என்று எழுத ஆசைதான். வாடகை, குழுக் கடன், மகளின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் இருந்தது உண்மை. ஆனால் கத்தரியை எடுக்கும்போது மனசில் ஓடியது அதுவல்ல. 'இந்த மூட்டைக்கு எதுக்கு இவ்வளவு துணி?' என்பதுதான் ஓடியது. உடம்பில் பொருத்தமாக உட்கார வைப்பதுதான் தையல், மற்றதெல்லாம் தலையணை உறை என்ற எண்ணம் எனக்கு. பர்தாவை நான் ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. மதிக்காததில் கை வைப்பது சுலபம்.

இதில் இன்னொரு அசிங்கமும் உண்டு. செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் வந்து தங்கும் வெள்ளைக்காரப் பெண்களும் என்னிடம் தைப்பார்கள். அவர்கள் கேட்பதும் லூஸ்தான். தொளதொள பருத்திச் சட்டை, தொளதொள பேன்ட். அந்தத் துணியில் ஒரு சாண்கூட எடுத்ததில்லை. மிஞ்சிய துண்டைக்கூட மடித்து உள்ளே வைத்துக் கொடுப்பேன். அவர்களுக்கு லூஸ் என்றால் ஸ்டைல், பாயம்மாவுக்கு லூஸ் என்றால் மூட்டை. என் கண் அப்படித்தான் இருந்தது.

இங்கே பர்தாவின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்கள் எல்லோரும் எப்போதும் கறுப்பு உடுத்தியவர்கள் அல்ல. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் சேலைக்கு மேலே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போவதுதான் வழக்கமாக இருந்தது. ஆற்காட்டு நவாபுகள் ஆண்ட எங்கள் வட்டாரத்தில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பாட்டிகள் உடுத்தியது டூ பீஸ் புர்கா. நீளமாக ஒரு கோட்டு, தலைக்குத் தனியாக ஒரு துண்டு, அதில் முகத்துக்கு இறக்கிவிட ஒரு திரை. ஒற்றை அங்கியாகக் கழுத்திலிருந்து கால் வரை இறங்கும் இன்றைய அபாயா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்வந்தவர்களின் பெட்டியோடு எண்பதுகளுக்குப் பிறகு பரவியது. இப்போது ஹைதராபாதிலிருந்தும் மும்பையிலிருந்தும் ரெடிமேடாகவே வந்து குவிகிறது. கல் வைத்தது, எம்ப்ராய்டரி போட்டது, கோட்டு மாதிரி முன்னால் திறந்தது என்று எத்தனையோ தினுசு. முகம் மூடுவதா வேண்டாமா என்பதிலும் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு.

தினுசு எதுவானாலும் திரைக்குப் பின்னால் நின்று அவர்கள் சொல்வது ஒன்றுதான். உள்ளே இருப்பது தெரியக் கூடாது, உடம்போடு ஒட்டக் கூடாது, கை மணிக்கட்டைத் தாண்ட வேண்டும். ரவிக்கைத் துணியில் எடுத்தால் துணி மட்டும்தான் போகும். பர்தாவில் அவர்கள் காசு கொடுத்து வாங்குவதே அந்த லூஸைத்தான். துணி அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவே. நான் துணியை எடுத்ததாக நினைத்துக்கொண்டு அதை எடுத்தேன்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் பழைய வாடிக்கையாளர் ஒருவர், புருஷனை இழந்தவர். பெயர் வேண்டாம், கடையில் நான் கூப்பிடுவதுபோல் பாயம்மா என்றே எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், ஆனால் என்னை 'டெய்லரம்மா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். எனக்கு முன் அவருக்குத் தைத்துக்கொடுத்த பெரியவர் கடையை மூடிவிட்டதால் என்னிடம் வந்தார். ஒரு வருடம் கழித்து, ஆடி மாசம் ஒருநாள், மருமகளுக்கு ரவிக்கை தைக்க வந்தவர் காற்றில் பர்தாவைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"இன்னா பண்றதுன்னே தெரியல டெய்லரம்மா. காத்தடிச்சா அப்படியே ஒட்டிக்குது. பழைய பர்தா இப்படி ஒட்டாது. நான்தான் பெருத்துட்டேன் போல."

அவர் சீட் அளவு 46 இன்ச். நான் வெட்டிய வெட்டில் அந்த இடத்தில் பர்தாவின் சுற்று 54. எட்டு இன்ச் லூஸ் என்பது சுடிதார் டாப்புக்குத் தாராளம். ஆனால் பர்தாவுக்கு உள்ளே சேலை இருக்கிறது, கொசுவம் இருக்கிறது, பாவாடை இருக்கிறது. எட்டில் பாதி அதற்கே போய்விடும். எல்லாம் தெரிந்துகொண்டே அவரை மேலும் கீழும் பார்த்து, "ஆமா பாயம்மா, கொஞ்சம் சதை போட்டிருக்கு" என்றேன்.

துணி எடுத்ததை என்றைக்காவது எப்படியாவது நியாயப்படுத்திவிடலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு இன்றுவரை நியாயம் கிடைக்கவில்லை.

அவர் அதை அப்படியே நம்பினார். ராத்திரிச் சோற்றை நிறுத்தினார். அடுத்த ரம்ஜானில் விடியலுக்கு முன் சஹருக்கு எல்லோரும் சாப்பிடும்போது ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமுமாக எழுந்துவிடுகிறார் என்று மருமகள் வந்து புலம்பினாள். பங்குனி வெயில், திருவண்ணாமலை வெயில். பாறை சூடேறி ராத்திரியிலும் அனல் அடிக்கிற ஊர். விடியலிலிருந்து பொழுது சாயும் மஃரிப் வரை தண்ணீர்கூடக் கிடையாது. "நீங்களாவது சொல்லுங்கக்கா, உங்க பேச்சக் கேப்பாங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

இதே காலத்தில்தான் கர்நாடகத்து ஹிஜாப் விவகாரம். 2022 பிப்ரவரியில் அந்த அரசாங்கம், வகுப்பறையில் ஹிஜாப் கூடாது என்று ஆகும்படி உத்தரவு போட்டது. மார்ச் 15-ம் தேதி ஹைகோர்ட் அதைச் சரி என்றது. அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் ஹேமந்த் குப்தாவும் சுதான்ஷு தூலியாவும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். மறு வருடம் மார்ச்சில் பக்கத்து வேலூர்க் கோட்டையில் ஹிஜாப் அணிந்து வந்த பெண்களை மறித்து வீடியோ எடுத்தவர்களைப் போலீஸ் பிடித்தது. கடையில் ஓயாமல் இதே பேச்சு. நான் யார் பக்கம் என்கிறீர்கள்? பாயம்மாக்கள் பக்கம். "அவங்க உடுப்பு, அவங்க இஷ்டம். அதுல கை வைக்க இவங்க யாரு?" என்று ரவிக்கை வாங்க வந்த அய்யர் வீட்டு மாமியிடம் குரலை உயர்த்திப் பேசியிருக்கிறேன். பேசியபோது என் முன்னால் டேபிளில் கிடந்தது 58 இன்ச் அகல நிதா. பின்பாகத்தைத் தலைகீழாகப் போட்டுக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். பேச்சும் பொய்யில்லை, கோடும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிக் குடியிருந்தன என்றுதான் இன்றும் விளங்கவில்லை.

நான் வெட்டிய வெட்டு என் கண்ணில் பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. மருமகளின் ரவிக்கையைக் கொடுக்க வீட்டுக்கே போயிருந்தேன். பாயம்மா அப்போதுதான் வெளியே போய்விட்டு வந்தவர், நேரம் தப்பிவிடும் என்று பர்தாவைக் கழற்றாமலே தொழ நின்றார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. டெய்லரின் கண் தையலைத்தான் பார்க்கும். கையை உயர்த்தியபோது அக்குளில் இழுத்து, கை நுனி மணிக்கட்டுக்கு மேலே ஏறியது. குனிந்தபோது பின்பக்கம் துணி மேலே தூக்கிக் கெண்டைக்கால் வரை சேலை தெரிந்தது. நெற்றி தரையில் படும்படி மண்டியிட்டபோது முதுகிலிருந்து சீட் வரை துணி விறைத்து நின்றது. பக்கத் தையல் இழுபட்டு, நான் போட்ட நூல் ஒவ்வொரு தையலாகப் பல்லைக் காட்டியது. எழுந்து நின்றதும் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். அடுத்த தடவையும். அதற்கடுத்த தடவையும். "தொழுகையில தேவையில்லாம கைய அசைக்கக் கூடாதுக்கா. அத்தைக்கு இப்பல்லாம் அதுவே ஒரு கவலை" என்றாள் மருமகள், காபி கொடுத்துக்கொண்டே.

நின்றால் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தைத்தவள் நான். கை உயர்த்திக் குனிந்து மண்டியிட்டு எழும் உடம்புக்கு அது தைக்கப்பட வேண்டும் என்று அதுவரை தோன்றவே இல்லை. தலையணை உறை என்று நினைத்ததற்குள் இவ்வளவு வேலை இருந்திருக்கிறது. கைச்சுற்று ஆழமாக இறங்க வேண்டும், பின்பாகம் முன்பாகத்தைவிடக் கொஞ்சம் இறக்கமாக வேண்டும், சீட்டில் குறைந்தது 16, 18 இன்ச் லூஸ் வேண்டும், அடிச்சுற்று எட்டு வைத்து நடக்க விட வேண்டும். எத்தனையோ வருடத் தொழிலில் நான் கற்றுக்கொள்ளாத பாடம்.

அடுத்த ரம்ஜானுக்கு அவர் கொண்டுவந்த மூன்றரை மீட்டரை ஒரு நூல் மிச்சம் பிடிக்காமல் வெட்டினேன். போதாததற்கு என் கையிருப்பிலிருந்தும் ஒரு பட்டை சேர்த்தேன். ஜன்னி வந்தவள்போல் விழுந்து விழுந்து தைத்தேன். பாயம்மா திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா டெய்லரம்மா, எறங்கிட்டேன்! சோத்த விட்டது வீண் போவல."

வாயைத் திறக்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. "ஆமா பாயம்மா, நல்லா எளைச்சிருக்கீங்க" என்றேன். வாணியம்பாடியில் இருக்கும் தங்கைக்கும் அந்தச் சாப்பாட்டு முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டாராம். எனக்கு ஒரு டப்பா நிறைய ஷீர் குர்மா வந்தது.

அதற்குப் பிறகு யார் துணியிலும் எடுக்கவில்லை. எடுக்காததால் குறைந்த வரும்படியை ஈடுகட்டக் கூலியை ஏற்றினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். திருட்டை நிறுத்திய செலவையும் அவர்கள் தலையிலேயே கட்டினேன்.

போன வருடம் பாயம்மாவுக்கு ஹஜ் அமைந்தது. 45 வயதைத் தாண்டிய பெண்கள் நால்வராகச் சேர்ந்தால் ஆண் துணையில்லாமலே போகலாம் என்று 2018-ல் விட ஆரம்பித்திருந்தார்கள். அவரும் தங்கையும் உறவில் இரண்டு பேரும். நால்வருக்கும் உடுப்பு என்னிடம்தான். ஆண்களுக்கு இஹ்ராம் என்றால் தைக்காத இரண்டு துண்டுத் துணி. பெண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, தைத்த உடுப்பே போதும், முகத்திரையும் கையுறையும்தான் ஆகாது. வெள்ளையில் இரண்டு, கறுப்பில் இரண்டு என்று கேட்டார்கள். கஅபாவை ஏழு சுற்று, ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவே ஏழு நடை. "உங்க கிரிவலம் மாதிரிதான். நீங்க மலைய வலப்பக்கம் வெச்சிச் சுத்துறீங்க, நாங்க இடப்பக்கம் வெச்சிச் சுத்துறோம்" என்று சிரித்தார். எல்லாவற்றுக்கும் அடிச்சுற்று 100 வைத்தேன்.

உடுப்பை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹஜ்ஜுக்குப் போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுப் போகணும். அல்லாவுக்குப் பட்ட கடன அல்லா மன்னிப்பான், மனுஷங்களுக்குப் பட்ட கடன மனுஷங்கதான் மன்னிக்கணும். கூலியில பேரம் பேசியிருப்பேன். சிடுசிடுன்னு ஏதாச்சும் சொல்லியிருப்பேன். மாஃப் பண்ணிடுங்க டெய்லரம்மா."

மன்னித்தேன் என்று சொன்னேன். நிஜமாகவே அந்த வார்த்தையை என் வாயால் சொன்னேன். வழக்கப்படி நானும் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டிவரும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாக்கி கூலி எழுபது ரூபாய் இருந்தது, அதையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

ஹஜ் முடித்து வந்து ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். இன்னும் வருகிறார். ராத்திரிச் சோறு இன்னும் கிடையாது.

இதைத் தமிழில் எழுதியதிலும் என் கோழைத்தனம் இருக்கிறது. பாயம்மா உருதுப் பள்ளியில் படித்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் மருமகள் தமிழ் மீடியம். கடைக்கு வந்தால் என் மேஜையில் கிடக்கும் வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்காமல் போக மாட்டாள். அவளுடைய பச்சை ரவிக்கை ஹுக் வைக்காமல் இங்கேதான் இருக்கிறது, வாங்க வருவாள். இந்த இதழை மேலே வைக்கத்தான் போகிறேன்.